கேஸ் ராடு மாட்டியாச்சு, மாமா

என் சிவப்புக் காரின் சொந்தக்கார மாமாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். போய் எட்டு மாதம் ஆகிறது, அதற்குள் அங்கே யாருடைய வண்டியையாவது பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பழக்கத்தில் ஆறு தோசை சுட்டுவிடுகிறேன். ஆறையும் நானே தின்பதால் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனாலும் எட்டு மாதம்தானே உங்கள் கணக்கு? மழை பிடித்தால் திரும்பி விடுவீர்கள். இந்த முறையும் மழை பிடித்துவிட்டது. கேட் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் உங்கள் தம்பி வந்தார். "ஏனுங்க அண்ணி, ஒத்த ஆளா அந்தக் கார் டிக்கியத் தொறக்க முடியுதுங்களா? சும்மா நின்னா துருதானுங்க புடிக்கும். குமாரபாளையத்துல ஒருத்தர் கேக்கறாரு, குடுத்தர்லாமுங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. டிக்கிக் கதவைத் தூக்கித் தாங்குகிற கேஸ் ராடு இரண்டும் செத்துப்போய் எத்தனை வருடம்! தூக்கிப் பிடிக்க ஒருவர், சாமான் எடுக்க ஒருவர் வேண்டும். நான் ஒருத்தி. விற்பதற்கு இளம்பிள்ளை ஊரிலிருந்து சேலைக் கட்டு எடுத்துவர இப்போதெல்லாம் பஸ்தான். கட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேலி பண்ண ஆள் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு வருகிறேன். சரி, கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். முறைக்காதீர்கள்.

ஊருக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது என்னையா, அந்தக் காரையா? பையைப் போட்ட கையோடு, "புள்ள, வந்து புடி" என்பீர்கள். கண்ணாடிக் கதவை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நான் நிற்பேன். நீங்கள் தலையை உள்ளே விட்டு எதையோ நோண்டுவீர்கள்.

"மாமா, கைய உட்டன்னா உங்க தலை செதறு தேங்காதானுங்க."

"உடு பாக்கலாம். அப்பறம் யாரைப் புடிச்சுக் கிண்டல் பண்ணுவே?"

"புதுசு வாங்கி மாட்டறதுக்கு என்னங்க?"

"பழைய வண்டி புள்ள. இதுக்கெல்லாம் ராடு கெடைக்காது."

வருடா வருடம் இதே பேச்சு. நானும் நம்பினேன்.

காரைப் பார்க்கக் குமாரபாளையத்துக்காரர் வரும் நாளுக்கு முந்தின நாள், மாப் குச்சியை முட்டுக் கொடுத்து டிக்கியைத் துடைத்தேன். ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் உங்கள் பழைய வேட்டித் துணி, ஒரு முடிச்சு. அவிழ்த்தேன். இரண்டு புது கேஸ் ராடு. கவர்கூடப் பிரிக்கவில்லை.

எப்போது வாங்கினீர்கள்? வைத்த இடம் மறந்துவிட்டதா? வண்டியில் ஒரு ஆணி எங்கே இருக்கிறதென்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற ஆளுக்கா மறதி? வேலையே இல்லாத நாளில்கூட அந்த டிக்கியைப் பத்துத் தடவை திறக்கச் சொல்வீர்களே. இந்த மனுசனுக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று நினைப்பேன். கதவைப் பிடித்திருக்கும்போது மட்டும் நான் எங்கும் ஓட முடியாது. அதற்காகவா மாமா?

திருச்செங்கோட்டு மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். "ரெண்டையும் ஒண்ணாக் கழட்டிப்போடாதீங்க அக்கா. கட்டை முட்டுக் குடுத்துட்டு ஒண்ணொண்ணா மாத்துங்க. ஒல்லித் தண்டு கீழ்ப்பக்கம் இருக்கோணும்" என்றார். "இத்தன வருசம் கட்டையே நாந்தானுங்க தம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் ராடைத் தலைகீழாகத்தான் மாட்டினேன். உங்கள் பெண்டாட்டிதானே! சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கிளிப்பை நெம்பி, திருப்பி மாட்டுவதற்குள் விரல் கிழிந்தது. இத்தனை நாள் கிடந்ததில் கேஸ் போயிருக்குமோ என்று வேறு பயம். குச்சியை எடுத்துவிட்டுக் கதவை ஒரு தடவை மூடினேன். பூட்டைத் திறந்து லேசாகத் தூக்கினேன்.

அது பாட்டுக்கு மேலே போய் நின்றது. என் இரண்டு கையும் அதன் கீழே தூக்கியபடியே இருந்தன. கையில் ஒரு கனமும் இல்லை.

"மாமா, கைய உட்டுட்டனுங்க" என்றேன்.

"உடு பாக்கலாம்" என்று சொல்ல யாரும் இல்லை. அதுவரை நான் அப்படி அழவில்லை, உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றும்கூட.

காலையில் உங்கள் தம்பி போன் செய்தார். "வண்டியத் தொடச்சாச்சுங்களா அண்ணி? அவரு கெளம்பிட்டாருங்க."

"ஆயிருச்சுங்க தம்பி. அவர வர வேண்டாம்னு சொல்லீருங்க. வண்டி குடுக்கலை."

"என்னங்க அண்ணி இது?"

"ஒத்த ஆளாத் தொறக்க முடியலைன்னுதானே குடுக்கச் சொன்னீங்க? இப்ப முடியுதுங்களே."

புதன்கிழமை காரிலேயே இளம்பிள்ளைக்குப் போகிறேன். நெல் களத்தில் நீங்கள் ஓட்டப் பழக்கிய வேகத்துக்கு மேல் போக மாட்டேன். பின்கதவை மெதுவாகத்தான் மூடுவேன். திறக்கும் போதெல்லாம் ஒரு கையாவது கீழே கொடுப்பேன், அதற்குத் தேவை இல்லாவிட்டாலும். இது சத்தியம்.

உங்கள் டிக்கிக்கு இத்தனை வருடம் முட்டாக நின்ற வீட்டுக்காரி,
மல்லிகா