அந்த ரஷ்யப் படமும் நான் சொன்ன பதிலும்

அக்கா,

இன்று காலை பேக்கரியிலிருந்து எங்கள் தெருவுக்குப் பாண் கொண்டுவரும் ஆட்டோ புது இசையோடு வந்தது. வாங்கப் போனவள் கேற்றடியிலேயே நின்றுவிட்டேன். நாம் பார்த்த ரஷ்யப் படத்தின் மெட்டு அது. கடுகண்ணாவைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருடங்களில் அதை நான் எங்கேயும் கேட்டதில்லை.

கண்டியில் அந்தச் சின்ன மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் வெளிநாட்டுப் படங்கள் போடுவார்கள். அன்றைக்குப் பதினைந்து பேர்கூட இல்லை. திரையில் ஓடிய ஆங்கில வரிகளை நீ வாசித்து, என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய். ஆற்றங்கரை ஊரொன்றில் தந்தி அடிக்கும் பெண். அவள் விரும்பும் கப்பல்காரன், ஆறு உறைவதற்கு முன் போகும் கடைசிக் கப்பலில் தன்னோடு வரச்சொல்லிக் கேட்கிறான். அவள் பெட்டி கட்டுகிறாள், ஆனால் போகவில்லை. ஊரார் கரையில் ஆடும்போது அக்கோடியனில் துள்ளி வந்த மெட்டு, பனி விழத் தொடங்கியதும் ஒற்றை வயலினில் எவ்வளவு தயங்கி வந்தது! பாதியில் நிற்கும், திரும்பத் தொடங்கும். கடைசியில் பனி உடைந்து கப்பல் வருகிறது. அவன் வரவில்லை. அந்த இடத்தில் இசையே கிடையாது. பனிப்பாளங்கள் மோதும் சத்தம் மட்டும்தான்.

வெளியே வந்து வாவிக்கரையில் நடந்தோம்.

"அந்த எடத்துல மியூசிக்க நிப்பாட்டினான் பாரு, அவன் பெரிய ஆளுடி" என்றாய்.

பிறகுதான் அவரைப் பற்றிச் சொன்னாய். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உன் அலுவலகத்தில் வேலை செய்தவர். அப்பா அவர் பேச்சையே எடுக்க விடவில்லை. இப்போது மாற்றலாகிப் போகிறார்.

"'நாளைக்குக் காலமை ஸ்டேசனில நிப்பன், நீர் வாறீரோ'ன்னு கேட்டாரு" என்று அவர் மாதிரியே பேசிக் காட்டிச் சிரித்தாய். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்தாய். "நான் போகவா, வேணாமா? நீ சொல்லு."

"நீ போயி அம்மாவுக்கு ஏதும் ஆச்சுன்னா? போகாத அக்கா."

நீ போகவில்லை. மறுநாள் காலை ரயில் ஊதியபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாய். கை நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் உனக்கு ஒரு கடிதம் போட்டார்; அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அம்மா இன்னும் இருபது வருடம் சுகமாக இருந்தார். கூட இருந்து பார்த்தது நீ. அம்மா போன பிறகாவது உனக்கென்று கொஞ்ச நாள் கிடைக்கும் என்று நினைத்தேன். புற்றுநோய் வந்தது.

வார்டில் ஒரு நாள், "அந்தப் படத்துல வந்த பொண்ணு மேல எனக்குக் கோவமே வரலடி. யாரு மேலயும் இல்ல" என்றாய். நான் உன் போர்வையைச் சரிசெய்தேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நாலாம் நாள் நீ இல்லை.

அன்றைக்கு வாவிக்கரையில் நான் அம்மாவை நினைத்துச் சொல்லவில்லை, அக்கா. கடுகண்ணாவைக்காரர்கள் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு வாரந்தான் ஆகியிருந்தது. மூத்தவள் ஓடிப்போன வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள் என்று பயந்தேன். எனக்காகத்தான் உன்னைப் போகவேண்டாம் என்றேன். கேட்டிருந்தால் நீ மன்னித்திருப்பாய், அது எனக்குத் தெரியும். இனி யாரிடம் கேட்பது?