நாலு மணி இருபத்திரண்டு நிமிடம்

மார்ச் 4

நான்காவது டயல் விரிசல் விடாமல் அடுப்பிலிருந்து வந்துவிட்டது! கருநீல எனாமல் பூசிச் சுட்டது. நாலு மணிக்குப் பக்கத்தில் வட்ட ஜன்னல், அதற்குள் வளர்ந்து தேயும் பொன் நிலா. பதினோரு வருடமாக இந்த நிறுவனத்தில் வாட்ச் வாருக்குத்தான் படம் வரைகிறேன். முழு வாட்ச் இதுதான் முதல். இருபத்தெட்டாம் தேதி முதலாளியம்மா முடிவு செய்வார்: என்னுடையதா, இல்லை, அறுபது வருடம் முன்பு இங்கே செய்த மாடலை அப்படியே மறுபடி செய்வதா என்று. தோற்றால் எனக்குப் பழையபடி வார்தான்.

மார்ச் 9

மாதிரி வாட்ச் தயார். கையில் கட்டிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்து கணவரிடம் நீட்டினேன்.

"அழகா இருக்கு. நிலா நிலான்னு ஒரு மாசமா உயிரை எடுத்தியே, எங்க அது?"

மணி நாலு இருபது. இரண்டு முள்ளும் நிலாவின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்?

மார்ச் 10

எப்படிக் கோட்டை விட்டேன்? விளம்பரங்களில் முள் எப்போதும் பத்து மணி பத்து நிமிடத்தில்தான் நிற்கும். நானும் எல்லாப் படத்தையும் அதே மணியில் வரைந்து தொலைத்திருக்கிறேன். வாட்ச் ஓடும்ங்கறதையே மறந்துட்டேனே — அறிவிருக்கா எனக்கு?

மார்ச் 11

மாதிரி வாட்சின் பாகங்களைப் பொருத்தித் தந்த லென்ஸ் அக்காவிடம் சொன்னேன். (கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவே மாட்டார், அதனால் அந்தப் பெயர்.) விழுந்து விழுந்து சிரித்தார். "நாள் முழுக்க பத்து பத்துலயே குடித்தனம் நடத்தினியா நீ?"

பிறகு பழைய படங்கள் இருக்கும் அறைக்கு இழுத்துப் போனார். ஒரே வாட்சுக்குப் பன்னிரண்டு படங்கள். ஒன்றில் மணி இரண்டே கால், இன்னொன்றில் ஆறு ஐம்பது.

"அந்தக் காலத்துல வாட்சை ஓட விட்டு வரைஞ்சிருக்காங்க பாரு."

வெட்கமாக இருந்தது. கூடவே கை துறுதுறுத்தது.

மார்ச் 14

மணிக்கு ஒரு படமாக வரைகிறேன். நிலாவை நகர்த்த முடியாது, அதன் சக்கரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முள்ளை மாற்றலாமே! இரண்டு முள்ளிலும் நிலா அளவுக்கு ஒரு வளையம். நாலு இருபத்திரண்டுக்கு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று வரும், நடுவில் நிலா முழுசாகத் தெரியும். ஐயோ, இது முன்பைவிட அழகு!

மார்ச் 20

முள் செய்பவர் கையை விரித்துவிட்டார். "வளையம் வெச்சா கனம் கூடி முள்ளு ஓடாதும்மா." காலில் விழாத குறையாகக் கேட்டேன்.

மார்ச் 26

செய்துவிட்டார். மகராசன்.

மார்ச் 28

கூட்டத்தை நாலு மணிக்கு வைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தேன். முதலாளியம்மா பழைய மாடலைக் கட்டிப் பார்த்தார், பிறகு என்னுடையதை. உடனே கழற்றப் போனார்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்மா."

"எதுக்கு?"

"பாத்துக்கிட்டே இருங்க."

வளையங்கள் சேர்ந்தன. முதலாளியம்மா வாட்சைக் கழற்றாமலே எழுந்து போய்விட்டார். நல்லதா, கெட்டதா?

ஏப்ரல் 2

பழைய படங்களின் அறைக்குப் பொறுப்பானவர் என் மேசைக்கு வந்தார். "உங்க படத்தையெல்லாம் குடுங்கம்மா. கடைக்குப் போற வாட்சுன்னா எங்க அலமாரிக்கு வந்தாகணும்."

அப்படித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது.

"இந்தக் கட்டு வேண்டாங்க, எல்லாம் தப்பா வரைஞ்சது."

"அதையும் குடுங்க. பின்னாடி வர்றவங்களுக்கு அதுதான் உதவும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தாள் நனைந்துவிடும் என்று அவர் அவசரமாக வாங்கிக்கொண்டார்.