மெல்லப் பிடித்தால் போதும்

நேற்று லோக்கல் ரயிலில், செம்பூரில் ஏறிய ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்து, ஸ்பிரிங் வைத்த கைப்பிடி ஒன்றை அமுக்க ஆரம்பித்தார். அந்தக் கிறீச் சத்தம் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். கடைசி ஸ்டேஷன் வி.டி. வரை உன் நினைப்புதான்.

உன் மனைவி கமலாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்ததுமே, "என்னோடதுல ஒண்ணைக் குடுத்துடறேன்" என்றாய், ஏதோ குடையை இரவல் கொடுப்பது போல. டாக்டர் உன் பிரஷரைப் பார்த்துவிட்டு, முதலில் இதை இறக்குங்கள், அப்புறம் பேசலாம் என்றார். மாத்திரையோடு இந்தக் கைப்பிடிப் பயிற்சியையும் செய்யச் சொன்னார்.

உனக்கு எதிலும் அவசரம். காலை லோக்கலில் நின்றபடி, ஒரு கையால் மேலே தொங்கும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஸ்பிரிங்கை மூச்சை அடக்கி நெரித்தாய். உன் முகம் சிவந்ததைப் பார்த்த ஜன்னலோரத்து ஆசாமி, "அங்கிள், பைட்டியே" என்று பதறி எழுந்து இடம் கொடுத்தார்.

"இந்த வண்டில கேக்காமலே சீட் குடுக்கறான்னா, நான் எவ்வளவு மோசமா இருக்கேன்டா?" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த தடவை டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாய். "முழு பலமும் வேண்டாம், மெல்லப் பிடிச்சா போதும். மூச்சை அடக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தவே கூடாது." அதன்பின் சாதுவாகச் செய்தாய். ஊறுகாயைக்கூட விட்டாய், நீயா என்று இருந்தது. சில மாதங்களில் பிரஷர் இறங்கியது. பயிற்சியாலா, மாத்திரையாலா, ஊறுகாயை விட்டதாலா என்று டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை.

இறங்கி என்ன? அடுத்த சோதனையில் உன் சிறுநீரகத்திலேயே கோளாறு தெரிந்து, நீ கொடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். கமலாவின் தங்கை கொடுத்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில், "இவ்வளவு பண்ணியும் அவளுக்கு ஒண்ணுத்துக்கும் ஆகலையேடா" என்று அழுதாய். உன் டீ ஆறிப்போகும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பல வருஷம் கழித்து நீ போய், உன் காரியங்கள் முடிந்த அன்று, கேன்டீனில் நீ சொல்லி அழுததைக் கமலாவிடம் சொன்னேன்.

"அப்படியா சொன்னார்?" என்று நிமிர்ந்து பார்த்தாள். "அவாத்துல ஆம்பளைகள் யாரும் அறுபதைத் தாண்டினதில்லை அண்ணா. இவர் தாண்டினார். எனக்காக உடம்பைப் பாத்துண்டார். அதனாலதான் இத்தனை வருஷம் எனக்குக் கெடைச்சார்."

நீ கேட்டிருக்க வேண்டும்.

என் மனைவி மாத்திரையை நீட்டினால் முன்பெல்லாம் முனகுவேன். இப்போது பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். அவள் தனக்காகவும்தான் நீட்டுகிறாள்.