பதினேழு பெயர்கள்

இன்று காலை ஒரு ஊறுகாய் லேபிளுக்காக நாம் இருவரும் சேர்ந்து வடிவமைப்பு வேலை செய்த இணையப் பலகையைத் திறந்தேன். நான்கு எழுத்துருக்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மேல் மூலையில் என் பெயரை ஒட்டி உன் பெயர் இன்னும் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

நீ ராயபுரத்தில் அம்மா வீட்டில், நான் திருவொற்றியூரில். நடுவே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் நெரிசல். அதனால் அந்தப் பலகையே நமக்கு ஆபீஸ் ஆனது. நான் ஒரு படத்தை வைப்பேன். அடுத்த நிமிடம் உன் அம்புக்குறி வந்து அதை ஓரமாகத் தள்ளும். "இன்னாடி இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது" என்று போனில் சிரிப்பாய். ஆறு வருடம் அப்படித்தான் ஓடியது.

பிறகு காசிமேட்டு வேலை வந்தது. மீன் விற்கும் பெண்களின் சங்கம், பதினேழு கடைகளுக்குப் பெயர்ப்பலகை கேட்டது. நான் இணையப் பலகையில் மூன்று எழுத்துருக்களை வரிசையாக வைத்தேன். நீ விடியற்காலையில் மீன் ஏலக்கூடத்துக்கே போய், ஒவ்வொருவரையும் தாளில் பெயர் எழுதச் சொல்லிப் படம் பிடித்து வந்தாய். கோணல் எழுத்துகள். சிலவற்றில் புள்ளியே இல்லை. என் எழுத்துருக்களை நகர்த்திவிட்டு அவற்றை வைத்தாய்.

சிலேட்டில் கிறுக்கியது போல இருக்கிறது, பார்த்தவர்கள் சிரிப்பார்கள் என்றேன்.

"பாதிப் பேருக்கு எழுதத் தெரிஞ்சதே அவங்க பேரு மட்டும்தான்டி. அதையாவது அவங்க எழுத்துலயே போடலாம்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அன்று மாலையே என்னுடையதை டோல்கேட் அச்சகத்துக்கு அனுப்பினேன். உன்னிடம் சொல்லவில்லை. கடைகளில் பலகைகள் மாட்டிய பிறகுதான் உனக்குத் தெரிந்தது. நீ சண்டை போடவில்லை. "மாட்டிட்டாங்களா? சரி" என்றாய்.

அதன்பின் உன் அம்புக்குறி வரவில்லை. காய்ச்சல் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். கோபத்தில் சொல்கிறாய் என்று நினைத்து, நீயே பேசட்டும் என்று இருந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா அழைத்தார். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

நீ எடுத்த படங்கள் இணையப் பலகையிலேயே கிடந்தன. இரண்டு மாதம் கழித்து ஒவ்வொன்றையும் கோடு பிசகாமல் வரைந்து, பதினேழு பலகைகளையும் புதிதாக அச்சடித்து எடுத்துப் போனேன். முன்பு செய்தது என் தவறு என்று சங்கத் தலைவியிடம் சொன்னேன். ஒரு அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் பெயர்மேல் விரலை ஓட்டினார்.

"இது நான் எழுதுனதாச்சே. அந்தப் பொண்ணு எங்கம்மா?"

சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரம் விடவில்லை.

இப்போதெல்லாம் எந்த வேலை வந்தாலும், யாருடைய பெயர் என்றுதான் முதலில் கேட்கிறேன். அது உன்னிடமிருந்து வந்தது.

ஓராண்டுப் பூசைக்கு நினைவு அட்டை செய்யச் சொல்லியிருக்கிறார் உன் அம்மா. பலகையின் நடுவில் உன் படத்தை வைத்து, சுற்றிலும் எழுத்துருக்களை அடுக்கினேன். எதுவும் பொருந்தவில்லை. உன் கையெழுத்தைத் தேடினேன். ஆறு வருடமும் நீ எனக்குத் தட்டச்சில்தான் எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் இருப்பது பாஸ்புக்கில் நீ ஆங்கிலத்தில் போட்ட கையெழுத்து மட்டும்.

கடைசியில் ஒரு தாளை எடுத்து உன் பெயரை நானே எழுதிப் பார்த்தேன். பத்து முறை. பத்தும் என் கையெழுத்தாகவே இருக்கின்றன.