கிரிவலத்தில் எடுத்த படம்

என்னங்க,

போனில் பாப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கிரிவலம் போனபோது, அடி அண்ணாமலையில் யாரோ ஒரு வேலூர்ப் பெண், காலில் குத்திய முள்ளை எடுக்கத் தன் குழந்தையை என்னிடம் கொடுத்தாள். அது என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அவள் சிரித்துக்கொண்டே எங்களைப் படம் எடுத்தாள்; அனுப்புவதாக என் நம்பரையும் வாங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு எத்தினி பசங்கக்கா?"

"ஒரே பொண்ணு. ஸ்கூலுக்குப் போறா" என்று சொல்லிவிட்டேன். இருந்திருந்தால் இந்த வருடம் சேர்த்திருப்போம் இல்லையா?

நேற்று அந்தப் படத்தை அனுப்பியிருந்தாள். அதில் நான் சிரிக்கிறேன். "உங்க பாப்பா போட்டோ அனுப்புங்கக்கா, பாக்கணும்" என்றும் கேட்டிருந்தாள்.

என்னிடம் ஒன்றுகூட இல்லை. நான் அழுகிறேன் என்று எல்லாவற்றையும் நீங்கள் வேலைபார்க்கும் ஓசூருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் எனக்கும் பாப்பாவைப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
நம் மகளின் அம்மா