பச்சை எம்.ஜி.யின் எட்டாவது குறை

1956 ஜனவரி 8, ஞாயிறு

இன்றைக்கும் விற்கவில்லை. பொன்னேரி அரிசி மில்காரர் பழவேற்காடு வரைக்கும் மெனக்கெட்டு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பச்சை பெயிண்டில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். எல்லாம் சரி, பின் சீட் எங்கே என்றார். இது இரண்டு பேர் போகிற ஸ்போர்ட்ஸ் கார் என்றேன். வீட்டில் ஒன்பது பேர், மீதி ஏழு பேரைக் கயிறு கட்டி இழுத்துப் போவதா என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கோபமெல்லாம் வண்டியின் சொந்தக்காரர் கிஃபாயத்துல்லா பாய் மேல்தான். யாரும் கேட்காமலே வண்டியின் கோளாறுகளை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கலுக்கு மறுநாள். யாரும் வரவில்லை. வண்டியைத் துடைத்தேன்.

1937-ஆம் வருஷத்து எம்.ஜி., இங்கிலீஷ் கார். உப்பு இலாகா துரை ஊருக்குப் போகும்போது பாய்க்கு விற்றுவிட்டுப் போனது. ஐந்தாறு வருஷம் பாயின் கருவாட்டுக் கிடங்கில் கிடந்து, மரச்சட்டம் முழுக்கக் கரையான். பகலில் பஸ் ஷெட்டில் வேலை, சாயங்காலம் இந்த வண்டி என்று மூன்று வருஷத்தைக் கழித்தேன். சட்டத்தைப் படகு ஆசாரி ரங்கசாமி புதிதாக இழைத்துக் கொடுத்தார். எஞ்சினை நட்டு நட்டாகக் கழற்றி மாட்டியவன் நான். வண்டி பாயுடையது, உழைப்பு என்னுடையது, விற்றால் ஆளுக்குப் பாதி என்று பேச்சு.

அந்தப் பாதியில்தான் எளாவூரில் என் சொந்தப் பட்டறை போட வேண்டும். செக்போஸ்ட் வந்ததிலிருந்து அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. பழுது பார்க்க அங்கே ஒரு தகரக் கொட்டகைகூட இல்லை.

ஜனவரி 22, ஞாயிறு

மெட்ராஸ் வக்கீல். ஓட்டிப் பார்த்தார், சிரித்தார், ஸ்டியரிங்கை விடவே மனசில்லை. நான் மனசுக்குள் பட்டறைக்குப் போர்டு எழுதிவிட்டேன்.

பாய் வந்தார். இரண்டாம் கியர் மாற்றினால் கத்தும், இடது கதவு பள்ளத்தில் தானாகத் திறந்துகொள்ளும், மேல் கித்தான் ஒழுகும், ஹாரன் லாரியுடையது, உள் மரம் இங்கிலீஷ் மரமில்லை, படகு மரம், இன்னும் இரண்டு - மொத்தம் ஏழு குறை. வக்கீலின் சிரிப்பு ஒவ்வொன்றாகக் குறைந்தது. அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

பாயிடம் சண்டை போட்டேன். கடையில் கருவாட்டையும் இப்படித்தான் விற்கிறீர்களா என்றேன். ஆமாம் என்றார்.

"குறைய மறைச்சு வித்தா அந்த டப்புல பரக்கத் இருக்காது, கைல தங்காது, ராஜவேலு. எங்க கடைல அத்தா காலத்துலர்ந்து அப்படித்தான்."

என்ன சொல்வது இந்த மனுஷனை?

பிப்ரவரி 2, வியாழன்

பட்டறைக்கு நான் பார்த்துவைத்திருக்கும் எளாவூர் இடம் தாயாரம்மாளுடையது. டயர்க்கடை மணவாளன் அதே இடத்தைக் கேட்கிறானாம். மாசிக்குள் அட்வான்ஸ் வராவிட்டால் அவனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டது அந்தம்மா.

பிப்ரவரி 7, செவ்வாய்

எஞ்சின் பிளாக்கில் விரிசல். தண்ணீர் ஓடுகிற பக்கம், மூன்று அங்குலம். எப்போது விட்டதோ.

பாய் ஊரில் இல்லை, சரக்கோடு மெட்ராஸ் போயிருக்கிறார். விரிசல் நெடுக துளை போட்டு, செம்புத் திருகாணி இறக்கி, அரம் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டேன். நல்ல வேலை. என்னைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியாது. பாயிடம் சொன்னால் ஏழு எட்டாகிவிடும். சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

விற்றாயிற்று!

செவ்வாப்பேட்டை டாக்டர் ஆதிநாராயணன். பாய் ஏழையும் சொல்லச் சொல்ல, டாக்டர் சிரித்துக்கொண்டே மருந்துச் சீட்டில் குறித்தார். நோயாளிகள் தன்னிடம் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை என்றார். வேறு ஒன்றும் இல்லையே என்று கடைசியாகக் கேட்டார்.

"அல்லா மேல ஆணை. வேற ஒண்ணும் இல்ல."

நான் குனிந்து சக்கரக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 13, திங்கள்

தாயாரம்மாளுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 27, திங்கள்

டாக்டரிடமிருந்து கடிதம். மனைவியை உட்காரவைத்துத் திருவாலங்காடு கோயிலுக்குப் போயிருக்கிறார். பாதி வழியில் பானட்டிலிருந்து ஆவி அடித்து வண்டி நின்று, மாட்டுவண்டியில் வீடு திரும்பினார்களாம். திட்டி ஒரு வார்த்தை இல்லை. வந்து பார்க்க முடியுமா என்று மட்டும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

பாயும் நானும் பேசின் பிரிட்ஜில் ரயில் மாறி செவ்வாப்பேட்டை போனோம். பானட்டைத் திறந்ததுமே தெரிந்தது - பெயிண்ட் உரிந்து, செம்புத் திருகாணியெல்லாம் ஈரம்.

"இது முன்னாடியே இருந்துச்சா?" என்றார் பாய்.

நீண்ட தூரம் ஓட்டியதில் இப்போது விட்டிருக்கும் என்றேன். திருகாணி? அது துரை காலத்து வேலையாக இருக்கும் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது வாயில்!

பாய் டாக்டரிடம் திரும்பினார். "ராஜவேலு சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். அவன் பொய் சொல்றவன் இல்ல."

டாக்டரும் நம்பிவிட்டார்.

மார்ச் 1, வியாழன்

பாய் கத்தியிருக்கலாம். சந்தேகப்பட்டாவது தொலைத்திருக்கலாம். இன்னா மனுஷன் இவர்? மூணு வருஷமா ராப்பகலா உழைச்சது நான். கொஞ்சம் வாயை மூடிக்கினு இருந்திருந்தா அந்த வக்கீலுக்கே வித்திருக்கும், அப்ப இந்த விரிசல் பேச்சே இல்லை. எல்லாம் அவரால்தான்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அவரால் இல்லை.

மார்ச் 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பாய் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தார். படிக்கல்லைக் கீழே வைத்தார்.

"நான் ஆணை வெச்சேன், ராஜவேலு."

படிக்கல்லை எடுத்து மறுபடியும் நிறுக்க ஆரம்பித்தார். எளாவூருக்குப் போய் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவந்து, என் பாதியை மொத்தமாக அவர் கையில் கொடுத்தேன்.

மார்ச் 6, செவ்வாய்

டாக்டருக்கு முழுப் பணமும் போய்விட்டது. வண்டி மறுபடியும் கிடங்கில். தாயாரம்மாள் இடம் மணவாளனுக்கு. எளாவூர் பக்கம் போனபோது அவன் பந்தக்கால் நட்டிருந்ததைப் பார்த்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

பாய் என்னோடு பேசுவதில்லை. சலாம் உண்டு, பேச்சில்லை.

மார்ச் 25, ஞாயிறு

திருவள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் வந்தார். வண்டி பிடித்துவிட்டது. குறை ஏதாவது உண்டா என்று பாயிடம் கேட்டார். பாய் என் பக்கம் திரும்பாமல், "அவர கேளுங்க" என்றார். என்னை அவர் 'அவர்' என்றது இதுவே முதல் தடவை. அந்நியனுக்குக் கொடுக்கிற மரியாதை.

எட்டையும் சொன்னேன். பானட்டைத் தூக்கி விரிசல் மேல் விரலை வைத்துக் காட்டினேன், நான்தான் மறைத்தேன் என்பது உட்பட. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார். யோசிக்கிறவர்கள் திரும்பி வருவதில்லை.

கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து பாய் குரல்.

"கதவு தானா தொறந்துக்கும்னு மட்டும் சொன்ன. மழைல ஊறிப்போனா சாத்தவே முடியாது. அத சொல்லலியே நைனா."

எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பானரைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. பஸ் கிளம்புவதற்குள் ஓடிப்போய் ஜவுளிக்கடைக்காரரைப் பிடித்து, ஜன்னல் வழியாக அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.