மலைப்பாதையில் அணைத்த விளக்கு

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
27.02.2005

அன்பும் மதிப்பும் மிக்க சற்குணம் அத்தானுக்கு,

சிறிதேவி எழுதுவது. ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய். ஒருவருக்கும் காயமில்லை, பதற வேண்டாம். ஆனால் மூன்று நாளாக எனக்கு நித்திரை இல்லை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பனிக்கால விடுமுறை. வர்சாவின் வகுப்பில் எல்லோரும் மலைக்குப் போகிறார்களாம், நாங்கள் மட்டும் வீட்டிலிருந்து இடியப்பம் அவிக்கிறோமாம். ஒன்பது வயதுக்கு வாய் கொஞ்சம் நீளம். மகள் கேட்டால் உங்கள் தம்பி மறுப்பாரா? வியாழக்கிழமை காரில் யெய்லோவுக்குப் போனோம். மலைமேல் பனிச்சறுக்குக்கென்றே இருக்கும் ஊர். ஒரு பிளாஸ்ரிக் சறுக்குத் தட்டு வாங்கினோம். இவரும் அதில் ஏறிக் குப்புற விழுந்து, பனியில் கிடந்தபடியே சிரித்தார். கலியாணம் கட்டிய இந்தப் பத்து வருடத்தில் இவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண் பட்டுவிட்டது.

மறுநாள் மலையைக் கடந்து, பேர்கனில் இருக்கும் என் சிநேகிதி அருள்ராணி வீட்டுக்கு வெளிக்கிட்டோம். பனிப்புயலால் பாதையில் தடை போட்டுப் பூட்டியிருந்தார்கள். அப்படியான நாட்களில் கார்களை வரிசையாக விடுவார்கள். முன்னுக்கு ஒரு பனி தள்ளும் லொறி, பின்னுக்கு ஒன்று. விளக்கை அணைக்கக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. தடையடியில் நின்றவர் இதை இரண்டு தரம் சொன்னார். நாங்கள்தான் கடைசிக் கார்.

பிற்பகல் இரண்டு மணி. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. முன்னால் போன காரின் சிவப்பு விளக்கும் மறைந்துவிட்டது. பின்னாலிருந்து லொறியின் இரைச்சல் கிட்டக் கிட்ட வந்தது. இவர் காரை நிறுத்தி, எஞ்சினையும் விளக்குகளையும் அணைத்தார். தலையைக் குனியுங்கோ, வெளிச்சம் காட்டாதேங்கோ, நேவி வாறான் என்றார், ஊரில் கடற்படைக்கு ஒளித்த நாட்களைப் போல.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நானும் குனிந்தேன், அத்தான். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை.

இங்கே பிறந்த வர்சா மட்டும் குனியவில்லை. பின் இருக்கையிலிருந்து எட்டி, அந்த முக்கோணப் பொத்தானை அமுக்கினாள். நான்கு விளக்கும் மின்னத் தொடங்கின. இவர் அவள் கையில் ஓங்கி அடித்தார். பிள்ளைக்கு ஒருநாளும் கை நீட்டாதவர். லொறி எங்கள் பின் கண்ணாடிக்கு ஒரு பாய் அகலத்தில் வந்து நின்றது. அதன் இரும்புத் தட்டைப் பார்த்தபடி வர்சா வீரிட்டு அழுதாள்.

இறங்கி வந்த லொறிக்காரரிடம் இவர் விளக்குப் பழுது என்றார். லொறிக்காரர் போட்டுப் பார்த்தார், எரிந்தது. எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தன் லொறியில் ஏறினார்.

பேர்கனில் அருள்ராணி வீட்டில் இரவு தங்காமலே திரும்பினோம். வீடு திரும்பும் வழியெல்லாம் இவர் சொன்னது ஒரே ஒரு வசனம். கிளாலியிலை நாங்கள் அண்ணன் தம்பி மூண்டு பேரும் வந்த படகிலை நான் டோர்ச் அடிச்சதாலைதான் சுரேன் போனவன் என்றார். எங்கள் சுவரில் இருக்கும் சுரேனின் படத்துக்கு நான்தான் பூ வைக்கிறேன். உங்கள் கடைசித் தம்பி இரவில் கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்கும்போது நேவி சுட்டு இறந்தான் என்பதற்கு மேல் எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. நீங்கள் மூன்று பேரும் ஒரே படகில் வந்தீர்கள் என்று இப்போதுதான் அறிந்தேன்.

நாளை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. இவர் ஓட்டும் சிறிய பேருந்தில் எட்டுப் பிள்ளைகள் ஏறுவார்கள். வைத்தியரிடம் போவோம் என்று கெஞ்சினேன். லைசென்ஸைப் பறிச்சுப்போடுவாங்கள், எனக்கு ஒண்டுமில்லை என்கிறார். இவருக்குக் கடும் காய்ச்சல் என்று வேலையிடத்துக்கு நானே சொல்லிவிட்டேன். லைசென்ஸ் அரிசி வாளிக்குள் இருக்கிறது. காலையிலிருந்து தேடுகிறார். என்னிடம் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். இந்தப் பொய்கள் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது.

போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதம் கிடைத்த அன்றே நீங்கள் இவருக்குப் போன் எடுங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். வேறு கதையோடு கதையாக, அன்று டோர்ச் அடித்தது வேறு யாரோ என்று சொல்லுங்கள். பிறகு வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பார்.

ஒருவேளை இவர்தான் அடித்தது என்றாலும், அத்தான், இல்லை என்று சொல்லுங்கள். அந்தப் பொய்யின் பாவம் என்னைச் சேரட்டும்.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
சிறிதேவி குகநேசன்